பீரோ வண்டிக்காரர்

ரோட்டோரம் யாராவது மூட்டையோடு நின்றால் அண்ணனால் தாண்டிப் போக முடியாது. பேசிக்கொண்டே இருப்பார், கை ஸ்டியரிங்கில் இருக்கும், கண் ரோட்டில் இருக்கும். கால் மட்டும் தானாக பிரேக்குக்குப் போய்விடும். வண்டி நின்ற பிறகுதான், நின்றது அவருக்கே தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏறு, ஏறு. எங்க போணும்னு அப்பால சொல்லு" என்பார். முதலில் ஏற வேண்டும், போகிற இடம் பிறகு. நாங்கள் விழுப்புரம் போய்க்கொண்டிருப்போம். ஏறியவர் செஞ்சிக்குப் போகிறவராக இருப்பார். அதனால் என்ன, கூட்ரோடு வரைக்குமாவது வரட்டும் என்பார்.

அண்ணன் என்றே எழுதுகிறேன். கூடப் பிறந்தவர் இல்லை. பெயரை எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அந்தப் பெயரை உரிமையோடு சொல்கிற தகுதியை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன்.

திண்டிவனத்துக்காரர். ஒல்லி, நல்ல உயரம். அதனால் குட்டியானை லோடு வண்டியின் சின்ன கேபினில் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கை இடிக்க உட்கார்ந்திருப்பார். மழை, வெயில் என்ற பேதமில்லாமல் கழுத்தில் ஒரு ஈரிழைத் துண்டு. போனைப் பாலித்தீன் பைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருப்பார். அந்தப் போனில் ஒருவர் பெயரும் இருக்காது. எங்கே நின்றார்களோ அந்த இடம்தான் பெயர். 'புளியமரம் ஆடு', 'பைபாஸ் சைக்கிள்', 'ரயில்வே கேட் தாத்தா' என்று நூற்றுக்கணக்கில். என்னை 'பார்சல் ஆபீஸ் படிக்கட்டு' என்று போட்டிருந்தார்.

அதற்கும் காரணம் உண்டு. விழுப்புரத்தில் ஒரு பார்சல் ஆபீசில் பில் போடுகிற வேலைக்கு முதல் நாள் போனவனை, மேனேஜர் வரட்டும் என்று வாசல் படிக்கட்டிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணி வரைக்கும் நின்றேன். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் "கொஞ்சம் நவுரு" என்றார்களே தவிர, யார் நீ என்று கேட்கவில்லை. லாரியிலிருந்து இறங்கிய டிரைவர் ஒருவர்தான் நின்று பார்த்தார். அவர்தான் அண்ணன்.

"இன்னா தம்பி, நான் காலையில போகும்போதும் நின்னுக்கினு இருந்த. இப்பவும் நின்னுக்கினு இருக்க. சாப்ட்டியா?"

சாப்பிடவில்லை என்றேன். டீக்கடையில் இரண்டு வடை வாங்கிக் கொடுத்து, பிறகு கையைப் பிடித்து நேராக உள்ளே கூட்டிப்போய், "இவனுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார். அந்த நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்தேன்.

சொந்தமாக வண்டி போடலாம் என்ற யோசனை என்னுடையது. தினமும் அடுத்தவர் லோடுக்கு பில் போட்டுப் போட்டு, எந்தச் சரக்கு எங்கே போகிறது, யாருக்கு எப்போது வண்டி கிடைக்காமல் பேஜாராகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு. அவருக்கு ஓட்டத் தெரியும், எனக்குக் கணக்குத் தெரியும், வேறென்ன வேண்டும்? அவரிடம் சொன்னபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நீ சொன்னா சரி" என்றார். பழைய குட்டியானை ஒன்றை ஆளுக்குப் பாதியாக வாங்கினோம். மயிலத்தில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, விழுப்புரம் வந்து சேர்ந்தோம்.

வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அத்துப்படியானது எதுவும் உதவாது என்று. மார்க்கெட் பக்கம் லோடு வண்டி ஸ்டாண்டில் வண்டிகளுக்கு வரிசை உண்டு. முன்னால் நிற்கிற வண்டிக்குத்தான் லோடு. புது வண்டியை வரிசையில் சேர்ப்பதா வேண்டாமா என்று அங்கே இருப்பவர்கள் கூடிப் பேசுவார்களாம். எப்போது கூடுவார்கள் என்று கேட்டால் எப்போதாவது என்றார்கள். நான் விசிட்டிங் கார்டு அடித்தேன். மண்டி மண்டியாக, கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் கார்டை மரியாதையாக வாங்கிக் கல்லாப்பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் செருகினார்கள். ஒன்பது நாள் ஆயிற்று, ஒரு போன் வரவில்லை.

பத்தாம் நாள், சும்மா கிடக்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கிவிடும் என்று சாக்கு சொல்லிப் பாண்டிச்சேரி ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனோம். கோலியனூர் தாண்டி ரோட்டோரம் ஒரு பீரோ நின்றுகொண்டிருந்தது. புத்தம்புது பீரோ, கதவில் ஆளுயரக் கண்ணாடி. எங்கள் வண்டி அந்தக் கண்ணாடிக்குள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண்மணி, களை வெட்டப் போகிறவர்கள் புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளும் ஆண்சட்டையோடு, பீரோவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெண்ணுக்குச் சீர் வரிசை. மறுநாள் கல்யாணம். ஏற்றி வந்தவன் காலனிக்குள் வண்டி வராது, சேறு, சக்கரம் மாட்டும் என்று மெயின்ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். சேறு ஒரு சாக்கு என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"ஏறும்மா" என்றார் அண்ணன்.

"பீரோவ விட்டுட்டு நான் எப்படிங்க ஏர்றது?"

"பீரோவும்தான் ஏறும். நீ மொத ஏறு."

காலனிக்குள் போனோம். சேறு உண்மையாகவே இருந்தது. சக்கரம் உண்மையாகவே மாட்டியது. தெருவே கூடித் தள்ளியது. வாசல் வரைக்கும் போய், நானும் அவரும் இன்னும் நான்கு பேரும் பீரோவை வீட்டுக்குள் நிமிர்த்தி வைத்தோம். வாடகை என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. டீசலுக்குத்தான் சரியாக இருக்கும். அந்த அம்மா எங்கள் நம்பரைக் கேட்டாள். எழுதப் பேப்பர் இல்லை. பெண் ஓடிப்போய்க் கண்மை டப்பாவை எடுத்து வந்து, பீரோவின் உள்கதவில் பெரிது பெரிதாக எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு போன் அடித்தது. பந்தல்காரர் கூப்பிட்டார், சவுண்ட் சர்வீஸ்காரர் கூப்பிட்டார், கேப்பை மூட்டைக்கு, மல்லாட்டை மூட்டைக்கு, வீடு மாற்றுவதற்கு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் தொடங்குவது ஒரே மாதிரிதான்: "கோலியனூராண்ட பீரோ எறக்கினீங்களே, அந்த வண்டிதானே?" எங்களுக்குப் பீரோ வண்டி என்றே பெயராகிவிட்டது. நான் அடித்த ஐந்நூறு கார்டுகளைப் பார்த்து ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. இதை அண்ணன் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கும்.

அவரோடு வண்டியில் போவது ஒரு தினுசான பேஜாரு. ஒரு மணி நேர வழி இரண்டு மணி நேரமாகும். ஒருமுறை பந்தல்காரரின் நாற்காலிகளுக்கு மேலே நான்கு ஆடு, அவற்றின் சொந்தக்காரர், அவருடைய மாமியார் எல்லோரும் வந்தார்கள். இன்னொரு முறை விக்கிரவாண்டியில் ஏறிய ஒருவர், தான் எங்கே போக வேண்டும் என்பதே தெரியாதவராக இருந்தார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றவர். அண்ணன் அவரை ஒரு மணி நேரம் சமாதானம் செய்து, அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். நான் திட்டுவேன். சிரிப்பார். "நின்னுக்கினு இருக்கறவனுக்குத்தான் தம்பி தெரியும், தாண்டிப் போற வண்டி ஒவ்வொண்ணும் எம்மாம் பெருசுன்னு" என்பார்.

ஆனால் தொழில் பெரிதாக வேண்டும் என்ற வெறி எனக்குள் ஏறிவிட்டது. பந்தலும் பீரோவும் போதாது, நிரந்தரமான ஒரு மண்டி லோடு வேண்டும். திண்டிவனத்தில் பருப்பு மண்டி வைத்திருந்த ஒரு நயினாரிடம் மூன்று மாதம் நடந்தேன். சமணக் குடும்பம், செஞ்சிப் பக்கம் பூர்வீகம். சின்னவர் பெரியவர் யாரையும் ங்க போட்டுப் பேசுகிற மனிதர். மூன்றாம் மாதம் வாயைத் திறந்தார்.

"மேல்சித்தாமூர்ல எங்க அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணங்க. சமையல் சாமான் பூரா இங்கேருந்து போவுது. பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதில்லீங்க. அதுக்குள்ள பந்தி முடிச்சாவணும், அதனால நேரம் முக்கியம். இதைச் சரியா கொண்டுபோய்ச் சேத்துடுங்க. மண்டி லோடு மொத்தமும் உங்க வண்டிக்குத்தான்."

நான் அன்று ஒரு வீட்டுச் சாமான் லோடுக்கு வாடகை பேச விழுப்புரத்தில் இருந்தாக வேண்டும். அரிசி, பருப்பு, வெல்லம், நெய் டின், புதுப் பித்தளை அண்டாக்கள் எல்லாம் ஏற்றித் தார்ப்பாய் போட்டு முடிகிறவரை இருந்தேன். கிளம்பும் முன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அண்ணா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் எங்கயும் நிறுத்தாதீங்க. யார் நின்னாலும் சரி."

"நிறுத்தல தம்பி" என்றார். மனதாரச் சொன்னார், அது எனக்குத் தெரியும்.

செஞ்சி ரோட்டில் பாதி வழியில் நல்ல மழை. மரக்காணத்துப் பக்கத்திலிருந்து சந்தைக்குப் போகிற ஒரு பெண்மணியை, வாடை தாங்கவில்லை என்று பஸ்ஸிலிருந்து நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவள் கூடையில் இருந்தது கருவாடு. நனைந்தால் கருவாடு போச்சு. கால் பிரேக்குக்குப் போய்விட்டது. அவளைக் கேபினில் உட்கார வைத்து, கூடையைப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில், வெல்ல மூட்டைக்கும் அண்டாவுக்கும் நடுவே செருகினார். பத்து கிலோமீட்டர்தான். சந்தையில் இறக்கிவிட்டார். நேரத்துக்குள் போயும் சேர்ந்தார். தார்ப்பாயை விலக்கியதும் கல்யாண வீடு மூக்கைப் பொத்திக்கொண்டது.

பூண்டு வெங்காயத்தைக்கூடத் தள்ளிவைக்கிற வீட்டுக்குக் கருவாட்டு வாடையோடு போய் நின்றிருக்கிறார். நயினார் கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசம். போனில் என்னைக் கூப்பிட்டு, "உங்க மேல கோவம் இல்லீங்க. ஆனா இதை நாங்க உள்ள எடுத்துக்க முடியாது. வண்டிய அனுப்பிட்டோம்" என்றார். அக்கம்பக்கத்து உறவுகளிடம் அரிசி பருப்பு திரட்டி எப்படியோ சமைத்து, பந்தி முடியும்போது இருட்டிவிட்டதாம். பெரியவர்கள் பாதிப் பேர் சாப்பிடாமலே எழுந்துபோய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று மாலை வண்டி திரும்பி வந்தபோது நான் அவரை அதுவரை கூப்பிடாத மாதிரிக் கூப்பிட்டேன்.

"நீ வண்டி ஓட்டறியா, சத்திரம் நடத்தறியா? உங்கிட்ட இன்னா சொல்லி அனுப்பினேன்?"

"அந்தம்மா மழையில நின்னுக்கினு இருந்துச்சு தம்பி. பாலித்தீன் போட்டு இறுக்கிக் கட்டித்தான் வெச்சேன். இவ்ளோ வாடை வரும்னு—"

"நின்னா நிக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்புதான். நான் அவங்க வீட்டுக்குப் போய்க் கால்ல உழுந்துட்டு வர்றேன்" என்றார். போகவும் போனார். நயினார் அவரைத் தூக்கி நிறுத்தி மோர் கொடுத்து அனுப்பினாராம். ஆனால் லோடு இல்லை.

நான் பிரிந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. எதற்கும் தடுக்கிற ஆள் இல்லை. பழைய வண்டியை அவரிடமே விட்டுவிட்டு, கடன் வாங்கி வேறு வண்டி எடுத்தேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனுக்குத் தினமும் காய்கறி ஏற்றிப் போகிற கான்ட்ராக்ட் கிடைத்தது. காலை ஏழுக்குக் கேட்டைத் திறப்பார்கள், ஏழேகாலுக்கு மூடுவார்கள். நேரம் தவறாதவன் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரில் எனக்கு ரொம்பப் பெருமை. எதிரே பீரோ வண்டி வந்தால் நான் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். அவர் ஒவ்வொரு முறையும் ஹாரன் அடிப்பார்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அவருக்குத் தொழில் தேய்ந்துகொண்டே வந்தது என்று கேள்வி. நின்று நின்று போகிற வண்டியை அவசரக்காரர்கள் யார் கூப்பிடுவார்கள்? பூ வியாபாரம் செய்கிற ஒரு அம்மா மட்டும் அவரை விடவில்லை. கிராமங்களில் மல்லிகைக் கூடைகளைச் சேர்த்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஏழு மணிச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அதை வைத்துத்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் போனால் வண்டியை விற்பதைத் தவிர வழியில்லை என்று பந்தல்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். அதாவது, எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கில்லை.

நன்றாக விடிந்த காலை. கூட்டேரிப்பட்டு தாண்டியிருப்பேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் பீரோ வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின் சக்கரம் கழன்று கிடந்தது. பூக்கூடைகளை இறக்கி நிழலில் வரிசையாக வைத்து, தன் துண்டை நனைத்து மேலே போர்த்தியிருந்தார். ரோட்டோரம் நின்று வருகிற வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மணி ஆறு இருபது. என் வண்டியில் காய்கறி மூட்டைகளுக்கு மேல் பத்துக் கூடை வைக்க இடம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு நான் போகிற வழியில்தான்.

தூரத்தில் வரும்போதே அவரை எனக்குத் தெரிந்தது. கிட்டே வந்ததும் அவருக்கும் என்னைத் தெரிந்தது. முகம் மலர்ந்தது. கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. என் கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. நான் தாண்டுவதற்குச் சற்று முன்னால் கையை இறக்கி, தலையைச் சொறிந்துகொண்டார், அதற்காகத்தான் கையைத் தூக்கியவர்போல. எனக்காகத்தான் அப்படிச் செய்தார். போகிறவனுக்குச் சங்கடம் வேண்டாம் என்று.

எனக்கு அவசரமில்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே இன்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருந்தது கோபம். இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம். ஒரு கருவாட்டுக் கூடைக்கு எத்தனை பூக்கூடை என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அப்படி ஒரு கேள்வி எனக்குள் வந்தது என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பூ பஸ்ஸைத் தவறவிட்டது. மல்லிகை மதியத்துக்குள் பழுத்துவிட்டது. பூக்கார அம்மாவின் மகன் வேறு வண்டி பார்த்துக்கொண்டான். அந்த மாதமே பீரோ வண்டி விற்பனைக்குப் போயிற்று. அண்ணன் யாரோ ஒருவரின் கன்டெய்னர் லாரிக்கு டிரைவராகப் போனார். அதில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. எங்கே எத்தனை நிமிஷம் நின்றது என்று முதலாளியின் போனுக்குத் தகவல் போய்விடும். எட்டு மாதம் ஓட்டினார். ஒருநாள் லோடு இறக்கக் காத்திருந்தபோது, சீட்டிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சாவுக்குப் போகத் தைரியம் இல்லை. பதினாறாம் நாள் திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல். அண்ணி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். வைவாள் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"வா தம்பி. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றாள். "அன்னிக்கு வண்டி ஒடைஞ்சு கூட்டேரிப்பட்டாண்ட நின்னாரே, நீ அந்தப் பக்கமா போன இல்ல?"

"ஆமா அண்ணி."

"உன் வண்டி போனத யாரோ பாத்து சொல்லிட்டாங்க. எங்கூடப் பொறந்த அண்ணன்தான் இவருகூட ஒரே சண்டை. கூடத் தொழில் பண்ணவன், பாத்துட்டும் நிக்காம போய்ட்டான், இந்த மாதிரி ஆளுக்குப் போயி இவ்ளோ பண்ணீங்களேன்னு. இவரு ஒத்துக்கவே இல்ல. 'மாமா, அவன் என்னைப் பாக்கல. பாத்திருந்தா நிக்காம போவானா?'ன்னு. சாவற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு." என் முகத்தைப் பார்த்தாள். "நீ பாக்கலதான தம்பி?"

பந்தலுக்குள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"பாக்கல அண்ணி" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினாறு நாளில் முதல்முறையாகத் தெளிந்த முகம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். தன் அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கேட்டுட்டேன். பாக்கலயாம். அவரு சொன்னதுதான் சரி."